கடைசி வரி இல்லாத தாள்

"அது பொய் சொல்லுது மேடம். அழகா, படிப்படியா பொய் சொல்லுது."

இதைச் சொல்லிவிட்டு தில்லைநாயகம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடிக் கோடியில் இருந்தது அங்கயற்கண்ணியின் அறை. மொழி மாதிரி என்கிறார்களே, அந்த எழுதிப் பேசும் இயந்திரங்களுக்குப் பரீட்சை வைப்பது அவள் வேலை. அவளிடம் எதைக் கேட்டாலும் ஒரு வரிக்கு மேல் பதில் வராது. அதனால் அவளுக்குச் 'சாமியார்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. தில்லைநாயகத்தைவிடப் பதினாறு வயது சின்னவள். ஆனாலும் வழி தெரியாமல் போனால் எல்லோரும் வந்து நிற்பது அங்கேதான்.

இரண்டரை வருடமாக ஓர் இயந்திரத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் தில்லைநாயகம். வெறும் விடை போதாது, அது எப்படி வந்தது என்று ஒவ்வொரு படியாக எழுதிக் காட்ட வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். சரியான படிக்கு டிக். தப்பான படிக்குப் பெருக்கல் குறி. டிக் வாங்கிய வழியிலேயே இயந்திரம் மறுபடியும் போகப் பழகும். பயிற்சி என்பது அவ்வளவுதான்.

இப்போது அது ஒரு குழந்தைகள் வார்டுக்குப் போகப்போகிறது. குழந்தையின் எடையைச் சொன்னால் மருந்தின் அளவைச் சொல்லும். பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. திங்கட்கிழமைக்குள் தில்லைநாயகம் கையெழுத்துப் போட வேண்டும்.

மனுஷன் நேற்று சும்மா இருந்திருக்கலாம். பழைய கேள்வி ஒன்றை எடுத்து எடையை மட்டும் மாற்றிப் பார்த்தார். பதினொரு கிலோ குழந்தையை ஒன்பது கிலோ ஆக்கினார். கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்து.

இயந்திரம் நிதானமாகப் படிகளை எழுதியது. நாலாவது படியில், ஒன்பதைப் பதினைந்தால் பெருக்கினால் நூற்று அறுபத்தைந்து என்று கூசாமல் எழுதியது. அது பதினொரு கிலோவுக்கான விடை. விடையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி படிகளைக் கட்டியிருந்தது.

இன்னும் இருபது கேள்விகளை அப்படி மாற்றிப் பார்த்தார். பதினாலில் அதே கதை. விடிந்ததும் நேரே இந்த அறைக்கு வந்துவிட்டார்.

கேள்விகளைக் கூட்டட்டுமா, இன்னும் கடுமையாகத் திருத்தட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் எதற்கும் தலையை ஆட்டவில்லை.

"நான் எங்க தப்பு பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க."

அங்கயற்கண்ணி ஒரு தாளை எடுத்தாள். வேறொரு மருந்துக் கணக்கு, இயந்திரம் எழுதியது, எட்டு வரி. ஸ்கேலை வைத்து, விடை இருந்த கடைசி வரியைக் கிழித்து மேஜை டிராயரில் போட்டாள். மிச்சத்தை அவர் பக்கம் தள்ளி, மேலே ஒரு சிவப்புப் பேனாவை வைத்தாள்.

"திருத்துங்க சார்."

அவர் உட்கார்ந்தார். முதல் படி சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது சரி மாதிரியும் இருந்தது, தப்பு மாதிரியும் இருந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தார். பேனா தாளைத் தொடவே இல்லை.

பத்து நிமிடம் போனது. ஒரு பக்கத்தை அரை நிமிடத்தில் திருத்துகிறவர் அவர். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"கடைசி வரி என்ன மேடம்? அது தெரிஞ்சா சொல்லிடுவேன்."

"நீங்க திருத்துற இடத்துல அதை யாரு சொல்லுவாங்க?"

"யாரும் சொல்ல வேண்டாங்க. ஸ்க்ரீன்ல மேலேயே அது போட்ட விடை இருக்கும். சரியான விடைன்னா பச்சையில..."

நிறுத்திக்கொண்டார்.

பச்சையைப் பார்த்ததும் தன் விரல் எப்படிப் படிகளைச் சரிபார்க்காமலே மளமளவென்று டிக் போட்டுக்கொண்டே கீழே இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. வேகமாகத் திருத்துகிறார் என்று பாராட்டுகூட வாங்கியிருக்கிறார்.

"எத்தனை தாள்?"

"நாப்பத்திரண்டாயிரம்."

அவள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து திருத்தினா இன்னும் ரெண்டரை வருஷமாவது ஆகும்," என்றார் அவர். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது. பிறகு, கடன் கேட்கிறவரைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தொண்ணூத்தாறு வாங்கியிருக்கே மேடம். அதுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?"

அங்கயற்கண்ணி சிவப்புப் பேனாவை எடுத்து மூடினாள்.

"திங்கட்கிழமை வர்ற குழந்தையோட தலைமாட்டுல சரியான விடை பச்சையில எழுதியிருக்குமா சார்?"