முதலாளி விட மாட்டேங்காரு

"முதலாளி விட மாட்டேங்காரும்மா" என்றார் செல்லச்சாமி.

மலையடிவார மடத்தை நடத்துகிற நாச்சியாரம்மாவுக்கு அவர் மகளாக இருக்கக்கூடிய வயதுதான். ஆனாலும் செல்லச்சாமி கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஓட்டலில் அவர் சமையல் மாஸ்டர். அடுப்படியையே அதட்டி ஆளுகிற குரல், இங்கே வந்தால் பூனைக்குட்டியாகிவிடும்.

"வேலையை ஏன் விடணும், அண்ணாச்சி?"

"ஊர்ல சம்சாரம் படுத்துட்டா. ஒரு கை, ஒரு கால் விளங்கலை. பக்கத்து வீட்டுக்காரங்கதான் தூக்கி உக்கார வைக்காங்க. போன் போட்டா, வாங்க, வாங்கங்கிறா. வேற பேச்சே இல்லை."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"முதலாளி விட மாட்டேங்காருன்னு சொல்லுதேன்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்காம இருப்பேனா? தீபாவளிக்கு முன்னாடியே கேட்டேன். 'மாஸ்டர், நீங்க போனா நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்'னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பொங்கலுக்குக் கேட்டேன். கண் கலங்கிட்டாரு. நேத்து எல்லார் முன்னாடியும், 'மாஸ்டர் இல்லாத அடுப்பு என்ன அடுப்பு'ங்காரு."

சொல்லச் சொல்ல செல்லச்சாமியின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது.

"உங்களைப் பூட்டி வச்சிருக்காரா?"

"சேச்சே! தங்கமான மனுஷன்."

நாச்சியாரம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

செல்லச்சாமி எழுந்தார். "அப்போ நான் கிளம்புதேம்மா."

வழக்கமாக அம்மா, "ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம், இருங்க" என்பார். "வேண்டாம்மா, பஸ் போயிரும்" என்பார் இவர். அம்மா மறுபடி சொல்வார். இவர் மறுபடி மறுப்பார். அதற்குப் பிறகு போய் இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார். இத்தனை வருஷத்தில் இந்த நாடகம் ஒருநாளும் பிசகியதில்லை.

இன்று அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி, போங்க" என்றார்.

போயிட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. வெறும் போங்க.

செல்லச்சாமிக்குச் சுருக்கென்றது. வாசலுக்கு வந்தார். செருப்பு காலடியிலேயே கிடந்தது. அதைத் தேடுகிறவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே தாளிக்கிற வாசனை வந்தது. யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தார்.

"நான் எதுவும் தப்பாப் பேசிட்டேனாம்மா?"

"இல்லையே."

"இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா?"

"இருந்திருப்பேன்."

"பஸ்ஸை விட்டுட்டு, நேரம் கழிச்சுப் போய் நின்னா, ஓட்டல்ல என்ன சொல்லுவீங்க?"

"அம்மா விட மாட்டேன்னுட்டாங்கன்னு…"

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டார்.

காது மடல் இரண்டும் சுட்டன. அம்மா நிமிர்ந்து பார்த்துவிடுவாரோ என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் தாங்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் இப்படியொரு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண் யாரோ போனை மனைவி பேச்சியின் காதில் வைத்திருக்க வேண்டும். குழறலாக, மெதுவாக, அவள் குரல் வந்தது.

"முதலாளி… விட்டுட்டாரா?"

செல்லச்சாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு என்னைப் பிடிச்சு வைக்கவே இல்லை, பேச்சி."