இரண்டு குழலுக்கும் ஒரே மருந்து

மலை மேலிருந்த ஓர் எஸ்டேட்டில், ஒரே கட்டையில் இரண்டு இரும்புக் குழல்கள் குடியிருந்தன. ஒன்று வலக்குழல், மற்றது இடக்குழல். கோயம்புத்தூர் துப்பாக்கி ஆசாரி ஒருவர், தவசிமுத்துவின் கை நீளத்தையும் தோள் அகலத்தையும் அளந்து, அவருக்கென்றே செய்து கொடுத்த இரட்டைக்குழல் துப்பாக்கி அது. தவசிமுத்து அந்த எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்.

குழல்களை ஒட்டும்போது ஆசாரி ஒரு காரியம் செய்திருந்தார். அடிப்பக்கம் கொஞ்சம் விலக்கி, வாய்ப்பக்கம் கொஞ்சம் நெருக்கி ஒட்டினார். அதனால் இரண்டும் எப்போதும் ஒன்றன் பக்கம் ஒன்று லேசாகச் சாய்ந்தே இருந்தன. ஏன் இப்படி என்று அவை கேட்டதில்லை. கூடவே வந்த சீமைத் தோட்டாவைப் போட்டால் இரண்டின் குண்டும் பக்கத்துப் பக்கத்தில் போய்ப் பதிந்தன. சண்டைக்கு வழியே இல்லை.

பிறகு சீமைத் தோட்டா தீர்ந்தது. அந்த அளவுத் தோட்டாவைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. துப்பாக்கி பீரோவுக்குள் சும்மா நின்றது.

அந்த வருஷம் மேல்காடு என்ற உச்சித் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு காட்டெருமை வந்தது. யாரோ வைத்த கம்பிக் கண்ணி அதன் முன்காலை அறுத்திருந்தது. வலி தாங்காமல், மனித வாடை பட்டாலே பாய்ந்தது. கொழுந்து பறிக்கப் போன முத்துப்பேச்சியை முட்டிக் கொன்றது. அதற்குப் பிறகு பெண்கள் மேல்காட்டுக்குப் போக மறுத்தார்கள். காட்டெருமையைச் சுட அரசாங்கம் தவசிமுத்துவுக்கு அனுமதி கொடுத்தது.

அவ்வளவு பெரிய மிருகத்துக்கு ஒரு குண்டு போதாமல் போகலாம். அடுத்த குண்டும் அதே இடத்தில் பட வேண்டும். கடையில் தோட்டா இல்லை என்றால் வீட்டில் செய்துகொள்வது என்று தவசிமுத்து முடிவு செய்தார். வெடிமருந்து, குண்டு, மருந்தைப் பற்ற வைக்கும் கேப்பு எல்லாம் வாங்கி வந்தார். சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைக் கழுவிக் காய வைத்து, பயந்து பயந்து கொஞ்சமாக மருந்து போட்டு நிரப்பினார்.

தொழிற்சாலைக்குப் பின்னால், தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை மண்மேட்டில் சாய்த்து வைத்துச் சுட்டார். வலக்குழலின் குண்டு பலகையின் வலது ஓரத்தில் பட்டது. இடக்குழலின் குண்டு இடது ஓரத்தில் பட்டது.

"நீ ஏன் என்னை விட்டு ஓடுற?" என்றது வலக்குழல்.

"ஓடினது நீதான். நான் என் பாட்டுக்கு இருந்தேன்" என்றது இடக்குழல்.

"என்னைச் சொல்லாதீங்க" என்று டப்பாவுக்குள்ளிருந்து மருந்து சொன்னது. "விருந்துக்குக் கூப்பிட்டுட்டுப் பாதி இலையிலயே எழுப்பி விட்டாங்க. எனக்கு எங்கேருந்து வேகம் வரும்?"

தவசிமுத்துவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த தடவை தாராளமாக அள்ளிப் போட்டார். துப்பாக்கி அவர் தோளில் ஓங்கி உதைத்தது. பித்தளைக் கூடு உள்ளே இறுகிக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்றது. பலகையைப் போய்ப் பார்த்தால், வலக்குழலின் குண்டு இடது பக்கத்தில் இருந்தது. இடக்குழலின் குண்டு வலது பக்கத்தில் இருந்தது.

"என் வாசலில் உனக்கு என்ன வேலை?" என்றது இடக்குழல்.

"நீ மட்டும் என் வீட்டுக்குள்ள வரலையா?" என்றது வலக்குழல். "பிறந்ததுலேருந்து என் மேலதான் சாஞ்சுக்கிட்டு இருக்க."

"சாஞ்சது நீ."

"எனக்கு மூச்சு முட்டுது" என்று பித்தளைக் கூடு முனகியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

தவசிமுத்து துப்பாக்கியை வீட்டுக்குத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். அவர் மனைவி அமிர்தத்துக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை. அப்போதுதான் வேலை முடிந்து வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு கோயம்புத்தூர் போறேன்" என்றார் தவசிமுத்து. "ஆசாரி குழலைக் கோணலா ஒட்டி வச்சிருக்கார். பிரிச்சு எடுத்து நேரா ஒட்டித் தரச் சொல்லணும்."

மேசை மேல் கிடந்த குழல்களுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. "அப்பாடா, இனிமே உன் தொல்லை இல்லை" என்றது வலக்குழல். "எனக்கும்தான்" என்றது இடக்குழல். கொஞ்ச நேரம் கழித்து, "பிரிக்கணும்னா நெருப்புல காட்டுவாங்களோ?" என்று வலக்குழல் மெதுவாகக் கேட்டது.

அமிர்தம் காப்பியை நீட்டினாள். "சீமைத் தோட்டா போட்டப்ப நல்லாத்தானே சுட்டுச்சு?"

"சுட்டுச்சு."

"அப்பவும் இதே கோணல்தானே?"

தவசிமுத்து காப்பியை ஆற்றினார்.

"வலது குழல் வெடிக்கும்போது துப்பாக்கி உங்க தோளை எந்தப் பக்கம் தள்ளுது?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "வலப்பக்கம். இடது வெடிச்சா இடப்பக்கம்." சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடடா. குண்டு வாயை விட்டு வெளிய வர்றதுக்குள்ள துப்பாக்கி வெளிப்பக்கமா திரும்பிடுது. அதுக்குத்தான் அந்த மனுஷன் உள்பக்கமா சாச்சு வச்சிருக்கார். இந்தத் தள்ளலும் அந்தச் சாய்வும் சரிக்குச் சரியா இருந்தாத்தான் குண்டு நேராப் போகும்."

"அப்ப குழல்ல குத்தமில்லை. மருந்துலதான் இருக்கு" என்றாள் அமிர்தம். "கம்மியாப் போட்டா குண்டு மெதுவாப் போகுது, துப்பாக்கி முழுசாத் திரும்பிடுது. அதிகமாப் போட்டா திரும்புறதுக்கு முன்னாடியே பறந்துடுது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு இருக்கும்ல? என் தராசை எடுத்துட்டு வர்றேன். நீங்க கோயம்புத்தூரை விட்டுட்டு கூட்டைக் கழுவுங்க."

"அப்ப நீ என் மேல சாஞ்சது..." என்று வலக்குழல் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது.

"நீயும்தான் சாஞ்சிருக்க" என்றது இடக்குழல். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

அமிர்தம் மருந்தைத் தராசில் நிறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தாள். தவசிமுத்து சுட்டுப் பார்த்தார். ஓரங்களில் நின்ற குண்டுகள் ஒவ்வொரு தடவையும் நடுவுக்கு நகர்ந்து வந்தன. மருந்துக்குக் குஷியாகிவிட்டது. "இன்னும் ஒரு சிட்டிகை போடச் சொல்லுங்க. சிகரத்துக்கே அனுப்புறேன்" என்றது. "போதும்" என்றது தராசின் முள். அதற்கு அதிகம் பேசும் பழக்கம் இல்லை.

கடைசியில் பலகையில் இரண்டு துளைகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. குழல்களின் வாய்க்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவுதான் துளைகளுக்கு நடுவேயும் இருந்தது.

"ஒரே ஓட்டையில போக வைக்கலாமா?" என்றார் தவசிமுத்து ஆசையாக.

"ஒரே ஓட்டையில போச்சுன்னா பலகையைத் தாண்டினதும் திரும்பவும் ஒண்ணுக்கொண்ணு குறுக்க போகும்" என்றாள் அமிர்தம். "பக்கத்துல பக்கத்துல போகட்டும். அது போதும்."

மறுநாள் பனி விலகியதும் தவசிமுத்து மேல்காட்டுக்கு ஏறினார். காட்டெருமையைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அதுவே அவரைத் தேடி வந்தது. சவுக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து, நொண்டிக்கொண்டு, ஆனால் நொண்டுகிற மாதிரியே தெரியாத வேகத்தில் வந்தது. செடிகள் முறிகிற சத்தம் அவர் காதை அடைத்தது. அவர் குறி வைத்து, வலக்குழலுக்கான முன் விசையை இழுத்தார்.

டக் என்றது. அவ்வளவுதான். கேப்பு செத்த கேப்பு. வலக்குழல் வாயைத் திறந்தபடி நின்றது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

துப்பாக்கியை இறக்கவோ, இன்னொரு தடவை குறி பார்க்கவோ நேரமில்லை. வலக்குழலுக்காக வைத்த குறி அப்படியே இருந்தது. தவசிமுத்துவின் விரல் பின் விசைக்கு நகர்ந்தது. இடக்குழல் வெடித்தது.

காட்டெருமை முன்காலை மடித்து மண்டியிட்டது. அவருக்கு மிகக் கிட்டத்தில், தேயிலைச் செடிகள் மேல் சரிந்து விழுந்தது.

தவசிமுத்து நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய், அதன் காலில் சதைக்குள் புதைந்திருந்த கம்பியைப் பார்த்தார். குனிந்து அதை மெதுவாகக் கழற்றினார். இனி அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும் கழற்றினார்.

சத்தம் கேட்டுக் கீழேயிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். அமிர்தம் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். மூச்சிரைக்க அவர் தோளைத் தொட்டுப் பார்த்து, கையைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று அவர் தலையாட்டினார்.

துப்பாக்கி ஒரு தேயிலைச் செடியில் சாய்ந்து நின்றது. இடக்குழலின் வாயிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. வலக்குழலுக்கு எதையும் பார்க்க முடியவில்லை. சுடாத வெட்கம் வேறு. மெதுவாகக் கேட்டது.

"எங்க பட்டுச்சு?"

"நீ சுட்டிருந்தா எங்க பட்டிருக்குமோ, அங்கதான்" என்றது இடக்குழல்.