அல்லிக்குளத்து அணியும் மொட்டைப் பாறைத் திடலும்

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு புல்வெளி இருந்தது. சாயங்காலம் ஆனால் காட்டு விலங்குகள் அங்கே பந்து விளையாடும். காய்ந்த கொடிகளை உருட்டிக் கட்டியதுதான் பந்து. ஒரு பக்கம் இரண்டு மருத மரங்கள். எதிர்ப்பக்கம் இரண்டு கறையான் புற்றுகள். அவற்றின் நடுவே பந்து போனால் கோல்!

முயல் சிட்டான் பந்தோடு ஓடினால் மானாலும் அதைப் பிடிக்க முடியாது. குரங்கு நெடுவாலன் கோல் காத்தது. பார்க்க வருபவர்களுக்கும் அவரவர் இடம் உண்டு. எருமை பூவாத்தா கரைமேட்டில் படுத்துக்கொள்ளும். ஆமை பாசியப்பன் மத்தியானமே வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடும். அப்போதுதான் ஆட்டம் தொடங்குவதற்குள் வந்துசேர முடியும்.

தவளைகள் தண்ணீர் ஓரம் வரிசையாக உட்காரும். பந்து கோலை நெருங்க நெருங்க அவற்றின் சத்தம் கூடிக்கொண்டே போகும். முன்னால் ஆட்கள் மறைத்தாலும், அந்தச் சத்தத்தை வைத்தே நெடுவாலன் சரியான நேரத்தில் பாய்ந்துவிடும்.

அந்த அணி யாருடையது என்று ஒருவரும் யோசித்ததே இல்லை.

ஒரு வருடம் மழை பெய்யவில்லை. புல் காய்ந்தது, பழம் இல்லை. ஆட்டக்காரர்கள் ஓடத் தெம்பில்லாமல் இளைத்துப் போனார்கள். அப்போது மலைக்கரடி மலையாண்டி வந்தது. மலையிலிருந்த தேன்கூடுகளெல்லாம் அதன் வசம்தான் இருந்தன.

"தினமும் எல்லோருக்கும் தேன் தருகிறேன். இனிமேல் அணி என்னுடையது. சம்மதமா?" என்று கேட்டது கரடி.

"சம்மதம்! சம்மதம்!" என்று எல்லோரும் கத்தினார்கள். பாசியப்பனும்தான் கத்தியது. 'என்னுடையது' என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை.

தேன் நன்றாகவே வேலை செய்தது. பக்கத்துக் காட்டு அணியை ஒரே பருவத்தில் மூன்று முறை ஜெயித்தார்கள். "மலையாண்டி வாழ்க!" என்று தவளைகள் தொண்டை வீங்கக் கத்தின.

இரண்டு வருடம் கழித்து, கரடி ஒருநாள் புல்வெளியின் நடுவில் வந்து நின்றது.

"அடுத்த ஆட்டம் இங்கே இல்லை! மலைமேல் மொட்டைப் பாறையில்! மூன்று காடுகளும் வந்து பார்க்கப் போகின்றன!"

ஆமை திகைத்துப் போனது. "ஐயா, அவ்வளவு உயரம் என்னால் ஏற முடியாதே!"

"வெயிலில் பாறை கொதிக்குமே! எங்கள் தோல் வறண்டுவிடுமே!" என்றன தவளைகள்.

"நீங்கள் நாலு பேர் வராவிட்டால் என்ன? மூன்று காடு வருகிறது!" என்றது கரடி.

"பிறந்ததிலிருந்து ஒரு ஆட்டத்தைக்கூட நான் விட்டதில்லை, ஐயா" என்றது பாசியப்பன்.

"அப்படியென்றால் வேண்டிய அளவு பார்த்துவிட்டாய்!" என்று கரடி சிரித்தது.

அதோடு விடவில்லை. இனி யாரும் குளக்கரையில் விளையாட நினைக்கவே கூடாது என்று, "கிழங்கு வேண்டுமா? தோண்டிக்கொள்ளுங்கள்!" என்று காட்டுப்பன்றிகளைப் புல்வெளிக்கு அனுப்பிவிட்டது. ஒரே காலையில் பாதிப் புல்வெளி குழியும் மேடுமாகிவிட்டது. கோலாக இருந்த இரண்டு புற்றுகளையும் கரடியே உடைத்து, கறையான்களை நக்கித் தின்றுவிட்டது.

மறுநாள் மிச்சப் பாதியைத் தோண்டப் பன்றிகள் வந்தன. அங்கே பூவாத்தா குறுக்கே படுத்திருந்தது. சுற்றிலும் தவளைகள். நடுவில் பாசியப்பன்.

"எழுந்திருங்கள்!" என்றன பன்றிகள்.

"மாட்டோம்!"

"கரடி சொல்லியிருக்கிறது!"

"கரடி சொன்னால் நீங்கள் கேளுங்கள். நான் எழுந்திருக்கப் போவதில்லை!" என்று பூவாத்தா இன்னும் கொஞ்சம் காலை நீட்டிப் படுத்தது.

பன்றிகள் எருமையின் கொம்பைப் பார்த்தன. "நமக்கு எதற்கு இந்த வம்பு? கிழங்கு வேறு எங்கேயும் கிடைக்கும்" என்று திரும்பிப் போய்விட்டன.

அன்று சாயங்காலம் மலைமேல் ஆட்டம் தொடங்கியது. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கூச்சல் மட்டும் காற்றில் வந்தது. கரடியின் மேல் எல்லோருக்கும் கோபம்தான். ஆனாலும் அணி தோற்க வேண்டும் என்று ஒருவராலும் நினைக்க முடியவில்லை.

"பூவாத்தா, அது நம்ம கோலாக இருக்குமா?" என்று கேட்டது பாசியப்பன்.

"தெரியலையே, அண்ணா."

பாசியப்பன் கண்ணை மூடிக்கொண்டது. சிட்டான் மருத மரத்தைச் சுற்றி வளைந்து ஓடுவதும், மழைத்தூறலில் பந்து நனைந்து கனப்பதும், ஜெயித்த அன்று எல்லோரும் ஒன்றாகக் குளத்தில் இறங்குவதும் அதற்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

மேலே நடந்ததோ வேறு. தவளைச் சத்தம் இல்லாமல் பந்து எப்போது வருகிறதென்று நெடுவாலனுக்குத் தெரியவில்லை. ஐந்து கோல் உள்ளே போனது. சிட்டான் வழுக்குப் பாறையில் சறுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டது. மூன்று காட்டுக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது.

"போகட்டும்! நாளைக்கு வேறு முயலைக் கொண்டுவருகிறேன்!" என்றது கரடி.

சிட்டான் நெடுவாலனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மலையிறங்கியது. மற்ற ஆட்டக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"தோற்றுவிட்டோம், பெரியப்பா" என்று பாசியப்பன் முன்னால் தலைகுனிந்து நின்றது சிட்டான்.

"அது கிடக்கட்டும். கால் எப்படி இருக்கிறது?" என்றது பாசியப்பன்.

சிட்டானுக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

மறுநாள் கரடி கோபமாக வந்தது. "வாருங்கள் மேலே! தேன் தந்தது நான்! அல்லிக்குளத்து அணி என்னுடையது!"

"உண்மைதான், ஐயா. நாங்களே சம்மதம் சொன்னோம். அந்தப் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தேனும் வேண்டாம். நாங்கள் வேறு அணி தொடங்குகிறோம்!" என்றது பாசியப்பன்.

"பெயர் இல்லாத அணியா? யார் பார்ப்பார்கள்?"

"நாங்கள் பார்ப்போம்!" என்று தவளைகள் ஒரே குரலில் கத்தின.

மிஞ்சியிருந்த பாதிப் புல்வெளியில் புது அணி விளையாடியது. புற்றுகளுக்குப் பதிலாக இரண்டு கற்கள். கால் ஆறாததால் சிட்டான் கரையில் உட்கார்ந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் தோல்விதான். ஆனால் எழுந்த சத்தத்தைக் கேட்டு ஜெயித்த அணியே மிரண்டு போனது!

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. அடுத்த மழையில் தோண்டிய இடத்தில் புல் முளைத்தது. ஆனால் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. பாசியப்பன் வழக்கமாக உட்காரும் இடம் அந்தப் பக்கம்தான். "அங்கேதான் அப்பாவும் நானும் உட்காருவோம்" என்று அது சில நாள் சொல்லும். பூவாத்தா நகர்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுக்கும்.

மலையாண்டி வேறு ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்தது. மூன்று காட்டு விலங்குகள் இரண்டு ஆட்டம் பார்த்தன. பிறகு ஆற்றில் யானைகளின் நீச்சல் போட்டி தொடங்கியதும் எல்லாம் அங்கே ஓடிவிட்டன. தேன் தீர்ந்ததும் ஆட்டக்காரர்களும் போனார்கள். மொட்டைப் பாறையில் கரடி மட்டும் உட்கார்ந்திருந்தது. கீழிருந்து தினமும் அந்த ஆரவாரம் மேலே வந்தது.

ஒருநாள் கரடி மெதுவாக இறங்கி வந்து புல்வெளி ஓரத்தில் நின்றது. தவளைகள் சட்டென்று அடங்கின.

"நானும்... பார்க்கலாமா?"

பூவாத்தா பாசியப்பனைப் பார்த்தது. பாசியப்பன் கரடியின் பக்கம் திரும்பியது.

"பார்க்கலாம், ஐயா. பின்னால் உட்காருங்கள், நீங்கள் உயரம். கோல் விழுந்தால் சத்தமாகக் கத்த வேண்டும். இங்கே அது ஒன்றுதான் கட்டளை!"

கரடி பின்வரிசையில் போய் உட்கார்ந்தது.

பலர் சேர்ந்து அன்பால் வளர்த்ததைத் தன் ஒருவனுடைய சொத்து என்று நினைப்பவனுக்குக் கடைசியில் அதன் பெயர் மட்டுமே மிஞ்சும்.