இரண்டாம் மணி

நிற்கத் தெரிந்தவனிடம்தான் ஆண்டவர் வந்து பேசுவார் என்றோ, ஓடுகிறவன் கண்ணுக்கு அடுத்தவன் முகம் தெரியாது என்றோ, கிறிஸ்தவ ஆசிரமத்தைத் தொடங்கிய போதகர் மாசிலாமணி ஐயர் ஒரு பிரசங்கத்தில் சொன்னாராம். அவர் காலமாகி வெகுநாள் ஆயிற்று. சரியான வார்த்தைகள் யாருக்கும் நினைவில்லை. நிற்க வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியது.

ஆகவே அந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஆசிரமத்தில் தினமும் நடுப்பகலில் மணி அடிக்கும். அடித்ததும் அவரவர் இருந்த இடத்திலேயே கண்ணை மூடி நிற்க வேண்டும். வாளி பாதிக் கிணற்றில் இருந்தால் பாதிக் கிணற்றிலேயே தொங்கும். வியாதிக்காரர்கள், பிரயாணம் போகிறவர்கள், பிரசவ வேதனைப்படுகிற பெண்கள் என்று, கஷ்டப்படுகிற ஒவ்வொருவரையும் நினைத்து ஜெபிக்க வேண்டும். இரண்டாம் மணி அடித்த பிறகுதான் அசையலாம்.

மணிக்கயிறு தேவபிச்சையின் பொறுப்பு. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்று, மனைவி இறந்த பிறகு சீடராக வந்து சேர்ந்தவர். ஆண்டவரே பிந்தி வந்தாலும் அண்ணாச்சி கேட்டைத் திறக்கமாட்டார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மாசிலாமணி ஐயரின் மகள் திர்சாதான் இப்போது அங்கே குரு. தேவபிச்சையைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அக்கா.

அன்று அக்கா டவுனுக்குப் போயிருந்தார். மணி அடித்தது. எல்லோரும் நின்றார்கள். அப்போதுதான் பக்கத்து ஊர்ப் பேச்சியம்மாள் ஓடிவந்தாள்.

"ஏ ஐயாமாரே! எம் மவ வலியில துடிக்கா! லோடு ஆட்டோ மண்ணுல இறங்கிட்டு. ரெண்டு பேர் வந்து தள்ளிவிடுங்க!"

யாரும் அசையவில்லை.

"செவிடா எல்லாரும்? ஏ ஐயா, ஏணியில நிக்கவரே! உம்மத்தான்!"

ஏணியில் நின்றவர் ஒரு கண்ணைத் திறந்து மணிக்கயிற்றைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

அவள் ஒவ்வொருவராகப் போய் உலுக்கினாள். கிணற்றடியில் நின்றவரை, விறகு பிளந்தவரை, கடைசியில் தேவபிச்சையை. அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையில்தான் கயிறு இருந்தது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"கோயில் வாசல்ல நிக்க பூதத்துக்குக்கூட கண்ணு தெறந்திருக்குமேய்யா! நல்லா நில்லுங்க. பொங்கலுக்கு வந்து எல்லாருக்கும் வெள்ளையடிச்சு விடுதேன்!"

மண்ணை வாரித் தரையில் அடித்துவிட்டு வந்த வழியே ஓடினாள்.

ஜெபம் முடிந்தது. தேவபிச்சை இரண்டாம் மணி அடித்தார். எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். பாதையில் செம்மண்ணைக் கிழித்துக்கொண்டு போன டயர்த் தடம் இருந்தது. பக்கத்தில் மணல் நனைந்து கறுத்துக் கிடந்தது. ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. வண்டி இல்லை.

தேவபிச்சை மத்தியானம் சாப்பிடவில்லை.

வெயில் தாழ்ந்தபோது அக்கா நடந்து வந்தார். சேலை முந்தியில் ரத்தம் காய்ந்திருந்தது. குழாயடியில் நின்று கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எல்லோரும் தள்ளியே நின்றார்கள். தேவபிச்சை மட்டும் கிட்டே போனார்.

"அக்கா, அந்தப் பொண்ணு..."

"பஸ்ஸவிட்டு இறங்கி வாரேன். நடுக்காட்டுல வண்டி நிக்குது. டிரைவரும் பேச்சியம்மாளும் நானுமா தள்ளினோம். ஆம்பளையாளு பத்துப் பேரு கூப்பிடு தூரத்துல இருக்காங்களேன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா, அண்ணாச்சி?"

அக்கா மறுபடி கையைத் தேய்த்தார்.

"'அங்க ஆளு இல்லம்மா, சிலைதான் இருக்கு'ன்னா."

"முதல் மணி அடிச்சாச்சு, அக்கா. நடுவுல நான் எப்படி..."

"கயிறு யாரு கையில இருந்தது?"

"என் கையில. அதனாலதான் அசையல. நான் அடிச்சா எல்லாரும் கலைஞ்சிருவாங்க."

"கலைஞ்சு எங்க போயிருப்பாங்க?"

தேவபிச்சையின் குரல் உயர்ந்தது. "நான் சும்மா நிக்கல, அக்கா! அந்த நேரம் பிரசவ வேதனைப்படுற பெண்களுக்காகத்தான் ஜெபிச்சிக்கிட்டு நின்னேன்!"

அக்கா குழாயை மூடினார். முகம் சிவந்திருந்தது.

"உங்க கையைப் பிடிச்சு இழுத்தாளே, அது யாருன்னு நெனச்சீங்க?"

"ஜெபத்துக்கு இடைஞ்சல்னு நெனச்சேன்."

அக்கா முந்தியிலிருந்த ரத்தக் கறையைக் கையால் தேய்த்தார். பிறகு தேவபிச்சை மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு பிழைச்சாளா?"

அக்கா கைகளைக் கோத்துக்கொண்டார். கண்ணை மூடினார். நின்றார்.

"அக்கா, பிழைச்சாளா?"

பதில் இல்லை.

"பிள்ளையாவது?"

அக்காவின் இமைகூட அசையவில்லை. தேவபிச்சை திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியாது. அவர்களும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைச் சொல்லலாம்லா? ஒரு வார்த்தை! இருக்காளா இல்லையான்னு ஒரு வார்த்தை!"

அக்கா நின்றார்.

"கேக்குதா இல்லையா உங்களுக்கு? மனுஷன் இங்க செத்துக்கிட்டு இருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறீங்களே, இது என்ன ஜெபம்? யாருக்கான ஜெபம்?"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த கணம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். மணிக்கயிற்றை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். நேரம் இல்லாத நேரத்தில் அந்த மணி அடித்து அங்கே யாரும் கேட்டதில்லை. மரத்திலிருந்த காக்கைகள் கலைந்து பறந்தன.

அக்கா கண்ணைத் திறந்தார்.

"பிழைச்சிட்டா. பிள்ளை வண்டியிலேயே பிறந்துட்டு. பொம்பளப் பிள்ள. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தாய்க்கு நாடி விழுந்துபோச்சு. நான் கிளம்பும்போதுதான் கண்ணு முழிச்சா."

தேவபிச்சை கயிற்றை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்க, அக்கா."

"என்கிட்டயா கேக்கிறது?"

அக்கா ஈரக் கையை முந்தியில் துடைத்தபடி அவரருகே வந்தார். கோபம் இன்னும் தணியவில்லை.

"தாங்க முடியாமப் போனப்ப உங்க கைக்கு எட்டுற இடத்துல கயிறு இருந்தது, அண்ணாச்சி. அவளுக்கு இல்ல."

மறுநாள் காலையில் தேவபிச்சை மணியைக் கழற்றி வாசல் தூணில் மாட்டினார். கயிற்றை கேட்டுக்கு வெளியே, பாதையில் வருகிறவர் கைக்கு எட்டும்படி தொங்கவிட்டார். பிறகு அந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாளின் வீட்டுக்கு நடந்தார்.