வாழைப்பழக் காபி வழக்கு

கோபத்தை மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்ற முடியுமென்றால், அந்த வெள்ளிக்கிழமை மயில்வாகனம் மலைக்குக் கொண்டுவந்ததை இறக்கிவைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்திருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து குருவின் வீடு வரை தனக்குத்தானே பேசிக்கொண்டே நடந்தார். வழியில் கும்பிட்டவர்களுக்குப் பதில் கும்பிடுகூடப் போடவில்லை.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆலமரத்தடியில் இளைய குருவைச் சுற்றிக் கிழச் சீடர்கள் உட்கார்ந்த நாடுதானே இது. குருவின் பெயர் மங்கையர்க்கரசி. முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு இந்த மலையில் ஓட்டு வீடும் கொஞ்சம் காபிச் செடியுமாக இருக்கிறார். பேச்சு குறைவு. அவரிடம் கேள்வி கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர், பதில் கிடைத்ததா இல்லையா என்று புரியாமலே மலை இறங்குவார்கள். வீட்டுக்குப் போன பிறகு தூக்கம் வராது.

மயில்வாகனம் அடிவாரத்தில் ஒரு காபிக் கம்பெனியில் முப்பது வருஷம் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவர். ஒரு நாளைக்கு நூறு கிண்ணம் உறிஞ்சி, நூறையும் துப்பி, எந்தக் கொட்டை எந்தச் சரிவில் காய்த்தது என்று சொல்வார். அவர் ஓய்வு பெற்றாலும் நாக்கு ஓய்வு பெறவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குருவின் அடுப்படியில் டிகாஷன் இறக்குவது அவர்தான். அதைச் சேவை என்று சொல்லிக்கொள்வார். பில்டரை இன்னொருத்தர் கையில் கொடுக்க மனசு வராது என்பதுதான் நிஜம்.

"நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கம்மா" என்று ஆரம்பித்தார், பில்டரில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே. "கேட்டுட்டு, நான் செஞ்சது சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். அதைக் கொண்டுபோய் அவகிட்டச் சொல்லணும். மூணு மணி பஸ்ஸுக்குப் போடிக்குக் கிளம்புறா, தங்கச்சி வீட்டுக்கு. எப்ப வருவேன்னு சொல்லலை. வருவேன்னும் சொல்லலை."

"தங்கபுஷ்பம் அம்மாவா?"

"அவதான். முப்பத்தாறு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவ. பையில துணியை மடிச்சு வச்சு, பையை வாசப்படிகிட்டக் கொண்டுவந்து வச்சுட்டா."

"என்ன செஞ்சாங்க?"

"வாழைப்பழத்தைப் போட்டுக் காபி போட்டா."

நட்டநடுக் கூடத்தில் கொலை விழுந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டுக் குருவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. குரு எழுந்து, உத்தரத்தில் தொங்கிய வாழைத்தாரிடம் போனார்.

"எந்தப் பழம்?"

"என்னது?"

"அவங்க போட்டது எந்தப் பழம்?"

"மலைப்பழம்தான். கொல்லையில தார் முழுக்க ஒரேயடியாப் பழுத்துருச்சு. தோல் கறுத்துப்போனதும்மா. நல்ல பழத்தைப் போட்டாக்கூடப் பரவாயில்ல. மாட்டுக்கு வைக்க வேண்டிய பழத்தை எடுத்துக் காபியில போட்டா."

குரு கறுத்த பழமாகத் தடவிப் பார்த்துப் பிய்த்தார். "எத்தனை?"

"ரெண்டு. ரெண்டு டம்ளருக்கு ரெண்டு பழம். கணக்கெல்லாம் சரியாத்தான் வச்சிருக்கா. காபிக்கும் வாழைக்கும் என்னம்மா சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே குருவின் காபிச் செடிகள் நின்றன. அவற்றுக்கு நிழலாக வரிசை வரிசையாக வாழைதான் நின்றது. குரு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மயில்வாகனம் பார்க்கவில்லை. கோபக்காரனுக்கு ஜன்னல் எதற்கு?

"அப்புறம்?"

"நறுக்கினா. வாணலியில போட்டு, நாட்டுச் சர்க்கரையைத் தூவி வதக்கினா. காபி போடுறதுக்கு வாணலி எதுக்கும்மா? தாளிக்கப் போறாளா?"

குரு வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தார். நறுக்கிய பழத்தைப் போட்டார். "தீ எப்படி?"

"சின்னத் தீ. பழம் குழைஞ்சு, ஓரமெல்லாம் பாகு மாதிரி செவக்கிற வரைக்கும். கூடவே ஒரு துண்டு பட்டை. வீடு பூராவும் என்னமோ கல்யாண வீட்டுச் சமையல்கட்டு கணக்கா மணக்குது. நான் கூடத்துல உக்காந்து ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"எதுவரைக்கும் போறான்னு பாப்போம்னு இருந்தேன்."

பாருங்கள், இப்படித்தான் மனிதர் அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து கோபத்தைக் காய்ச்சியிருக்கிறார். வாணலியில் பழம் சிவந்ததும் அவர் முகம் சிவந்ததும் ஒரே நேரத்தில்தான் நடந்திருக்க வேண்டும். இப்போது குருவின் வாணலியிலிருந்து அதே மணம் எழுந்தது. மயில்வாகனம் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"பால்?"

"ஒண்ணரை டம்ளர். அதுல ஊத்தி மத்தைப் போட்டுக் கடைஞ்சா. மோர் கடையிற மத்தும்மா. கடைஞ்சதை டீ வடிகட்டியில வடிகட்டினா. எங்க வீட்டுல டீ வடிகட்டின்னு ஒண்ணு இருக்குங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்."

குரு கடைந்தார். வடிகட்டினார். சக்கையை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, பில்டரின் அடிப்பாத்திரத்தைக் கழற்றினார். மயில்வாகனம் அப்போதுதான் இறக்கிய டிகாஷன் அதில் கறுப்பாக நின்றது.

"அதைத் தொடாதீங்கம்மா" என்றார் அவர். "அதைத்தான் அவளும் எடுத்தா. ரெண்டாவது டிகாஷன்னாக்கூட மன்னிச்சிருப்பேன். முதல் டிகாஷன். என்னைக் கேக்கல. எங்க வீட்டுல காபி என் கை. கல்யாணமான நாள்லருந்து அவ பில்டரைத் தொட்டதில்லை. முப்பத்தாறு வருஷமா ஒரே ருசி. ஒரு நாள் குறை சொன்னதில்லை தெரியுமா? புதுசுல ஒரே ஒரு தடவை, ரொம்பக் கசக்குதுங்கன்னா. கசப்புன்னா என்ன, துவர்ப்புன்னா என்னன்னு உக்கார வச்சு ஒரு மணி நேரம் விளக்கிச் சொன்னேன். அதுக்கப்புறம் அவ சொன்னதே இல்லை."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. என்னத்தைச் சொல்ல.

"எவ்வளவு ஊத்தினாங்க?"

"டம்ளருக்கு அரைக்கால். பாவி, அளவு மட்டும் தப்பலை."

குரு ஊற்றினார். தூக்கி ஒரு ஆற்று ஆற்றினார். இரண்டு டம்ளரிலும் நுரை கட்டியது. கறுப்பும் இல்லாமல் வெளுப்பும் இல்லாமல், மழையில் நனைந்த மண் நிறத்தில் இருந்தது. ருசி பார்க்கிறவரின் கண் அந்த நிறத்தைக் குறித்துக்கொண்டது. குறித்துக்கொண்டதற்காகத் தன் கண்ணின் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

"அப்புறம் என்ன செஞ்சாங்க?"

"மேஜைக்குக் கொண்டுவந்தா. என் முன்னால ஒண்ணை வச்சா. வச்சா அடுப்படிக்குப் போக வேண்டியதுதானே? எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்னொரு டம்ளரோட உக்காந்துட்டா."

"எப்பவும் எங்க உக்காருவாங்க?"

"அவ எங்க உக்காருறா? அடுப்படியில நின்னுக்கிட்டே ஒரே மடக்குல குடிச்சுட்டு டம்ளரைக் கழுவிருவா."

குரு இரண்டு டம்ளரையும் மேஜைக்குக் கொண்டுபோனார். ஒன்றை மயில்வாகனத்தின் முன்னால் வைத்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, மற்ற டம்ளரோடு உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டு?"

"குடிச்சுப் பாருங்கன்னா. சிரிப்பு வேற. விட்டுருவேனா? எந்திரிச்சேன். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போய்த் தொட்டியில கொட்டினேன். டம்ளர் ரெண்டையும் கழுவிக் கவுத்து வச்சுட்டு வந்தேன். ஒரு கெட்ட வார்த்தை பேசலை. கை ஓங்கலை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு மட்டும் சொன்னேன். அது ஊருல சொல்ற பழமொழிதானே? அன்னையிலருந்து ஒன்பது நாள். சோறு போடுறா, துணி துவைக்கிறா, எல்லாம் நடக்குது. வாய் மட்டும் திறக்கலை. இன்னைக்குக் காலையில போடிக்குப் போறேன்னு சொன்னதோட சரி. காலையில நான் போட்டு வைக்கிற காபியைத் தொட மாட்டேங்குறா. ஆறி, ஆடை கட்டி அப்படியே கிடக்குது. என் காபிம்மா. ஊரே கேட்டு வாங்கிக் குடிக்கிற காபி. வயித்தெரிச்சலா இருக்காதா?"

குரு தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

மயில்வாகனம் கையை நீட்டித் தடுத்தார். "நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். சொத்தைக் கொட்டையைக்கூட ருசி பாத்துத்தானே தள்ளுவீங்க, இதை மட்டும் எப்படிப் பாக்காமத் தள்ளினீங்க, அதானே? வாசனையே போதும்மா எனக்கு. முப்பது வருஷ மூக்கு இது."

"நான் அதைக் கேக்கலை" என்றார் குரு. "பிடிக்காததைக் குடின்னு யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நீங்க குடிக்க வேண்டாம்."

மயில்வாகனம் இதை எதிர்பார்க்கவில்லை. மலை ஏறும்போது நாலு பதில் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போனது. மடியில் கனமில்லாதவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் கொட்டினது சரிதானே?"

"உங்க டம்ளரை நீங்க கொட்டினது சரி."

அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அந்த வாக்கியத்தில் இருந்த மற்ற வார்த்தைகள் அவர் காதில் ஏறவில்லை, 'சரி' மட்டும் ஏறியது. இன்றைக்கு மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய், வாசப்படிப் பைக்கு முன்னால் நின்று, 'குருவே சொல்லிட்டாங்க' என்று சொல்லப்போவதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. உடனே தன் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். வாழையடியில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரை உதறிவிட்டு, வழக்கை ஜெயித்த ஆளாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

குரு இரண்டாவது வாய் குடித்திருந்தார். மேலுதட்டில் நுரை இருந்தது. பாதி டம்ளர் மிச்சம் இருந்தது. அதை மேஜைக்குக் குறுக்கே அவரிடம் நீட்டினார்.

"இதையும்."

"இதையும்னா?"

"இதையும் கொட்டிட்டு வாங்க."

"அது உங்களுதும்மா."

"ஆமா. கொட்டிட்டு வாங்க."

மயில்வாகனம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஒன்பது நாள் கோபமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இப்போது வந்ததுதான் நிஜமான கோபம். குருவிடம் பேசுகிறோம் என்பதுகூட மறந்துவிட்டது.

"என்னம்மா பேசுறீங்க? நீங்க ஆசையாப் போட்டு, உக்காந்து குடிச்சுக்கிட்டிருக்கிறதை நான் பிடுங்கிட்டுப் போய்க் கொட்டுவேனா? எனக்குப் பிடிக்கலைன்னா என்னுதைக் கொட்டுவேன். அடுத்தவங்க டம்ளர்ல கை வைப்பேனா? என்னை யாருன்னு நினைச்சீங்க? அப்படிச் செய்யிறவன் மனுஷனா?"

குரு நீட்டிய கையை மடக்கி, டம்ளரைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

"டம்ளர் ரெண்டையும் கழுவிக் கவுத்து வச்சேன்னு சொன்னீங்களே, ஐயா."