தண்ணி நல்லா வரும்

"நான் ஒரு பொய்கூடச் சொல்லல மேடம். அப்புறம் எதுக்கு என் பதிவை நிறுத்தி வச்சிருக்கீங்க?"

தணிகாசலம் கேட்ட கேள்வி இது. போன புதன்கிழமையும் இதைத்தான் கேட்டார். அதற்கு முந்தின புதன்கிழமையும் இதேதான்.

ஜெயக்கொடி நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

அந்த மாநிலத்தில் வீடு, மனை விற்றுக் கொடுக்கும் தரகர் எவராக இருந்தாலும் அரசு ஆணையத்தில் பேரைப் பதிந்து ஓர் எண் வாங்க வேண்டும். எண் இல்லாதவர் ஒரு குடிசையைக்கூடக் கைகாட்டி விடக் கூடாது. தப்பு செய்தால் எண்ணை நிறுத்தி வைப்பார்கள். பெரிய தப்பென்றால் ஒரேயடியாக ரத்து. நிறுத்துவதும் ரத்து செய்வதும் ஜெயக்கொடியின் வேலை.

தணிகாசலத்தைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. அந்த நாற்காலி அப்படி.

தரகர்கள் அவரை 'அந்தம்மா' என்பார்கள். அந்தம்மா திட்ட மாட்டார். அதுதான் பெரிய தொல்லை. திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

நிறுத்தி வைத்த எண்ணைத் திருப்பித் தர அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"புகாருக்குப் பதில் சொல்லுங்க" என்பார்.

சொன்னால் முழுசாகக் கேட்டுக்கொள்வார்.

"அடுத்த புதன்கிழமை வாங்க" என்பார்.

அவ்வளவுதான். இதற்குக் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

*

புகார் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அருளப்பன் என்று ஒருவர். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தணிகாசலம் மூலமாக ஒரு வீடு வாங்கினார். வாங்குவதற்கு முன் எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

"தண்ணி வருமா?"

நம் ஊரில் வீடு பார்க்கப் போகிறவர் வாஸ்துவைக்கூட அப்புறம்தான் கேட்பார். முதலில் இது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமா என்று அர்த்தம். பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"நல்லா வரும்" என்றார் தணிகாசலம்.

வந்தது. குழாயில் வந்தது. ஐப்பசி மழைக்கு வாசல் வழியாகவும் வந்தது. முழங்கால் வரைக்கும் ஏறி, அரிசி மூட்டையை நனைத்து, மெத்தையை நனைத்து, போக மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. அருளப்பனும் அவர் மனைவியும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு மாதா கோயிலில் போய்ப் படுத்தார்கள்.

"அவர் தண்ணி வருமான்னு கேட்டார். நான் வரும்னேன். வருது. இதுல பொய் எங்க மேடம் இருக்கு?"

"வீட்டுக்குள்ள வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதை அவர் கேக்கலையே."

"நான் கேக்கறேன்."

தணிகாசலம் மின்விசிறியைப் பார்த்தார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேடம், கேட்டதுக்குப் பதில் சொல்றதுதான் தொழில். கேக்காததையெல்லாம் நானா இழுத்துப் போட்டுச் சொல்லிட்டிருந்தா ஒரு வீடு விக்காது. எந்தப் பொண்ணு வீட்டுக்காரன், எம் பொண்ணு குறட்டை விடும்னு சொல்லிச் சம்பந்தம் பேசறான்?"

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

"அடுத்த புதன்கிழமை வாங்க."

*

அடுத்த வாரம் மழை மேல் பழியைப் போட்டார். அதற்கடுத்து மாநகராட்சி மேல். அப்புறம் ஏரி மேல். அந்த இடத்தில் முன்பு ஏரி இருந்தது உண்மைதான், அதற்காக அது இன்னும் உரிமை கொண்டாடிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டார்.

ஒரு வாரம் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தார். வக்கீல் 'தண்ணி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். பேச்சு வழக்கில் உள்ள பொருள் என்றார், வழக்கில் இல்லாத பொருள் என்றார்.

ஜெயக்கொடி எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"உங்க வீட்டுக்குள்ள தண்ணி வருமா சார்?"

"எனக்கா? நான் மூணாவது மாடி மேடம்."

"அடுத்த புதன்கிழமை வாங்க" என்றார் ஜெயக்கொடி.

வக்கீல் அதற்கப்புறம் வரவில்லை.

*

ஒரு புதன்கிழமை தணிகாசலம் வந்தார். உட்காரவில்லை.

"என்னை ரத்தே பண்ணிடுங்க மேடம். இப்படி நடக்க வைக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவலை."

ஜெயக்கொடி எழுதுவதை நிறுத்தினார்.

"காலையில எந்திரிச்சா போறதுக்கு ஒரு இடம் இல்ல. வாசல்ல மாட்டியிருந்த போர்டைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டேன். தெருவுல போறவன், என்ன தணிகாசலம் இன்னிக்கு எந்தப் பக்கம்னு கேட்டா எனக்கு அழுகை வருது. நான் படிச்சவன் இல்ல. வீடு காட்டறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த எண் இல்லைன்னா நான் யாருமே இல்ல மேடம்."

"ரத்து பண்ணினா என்ன பண்ணுவீங்க?"

"சம்சாரம் பேர்ல ஒரு எண் வாங்குவேன்."

யோசிக்காமல் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது.

"அதையும் ரத்து பண்ணினா?"

இனி மறைத்து என்ன.

"மச்சான் இருக்கான்."

"தெரியும்" என்றார் ஜெயக்கொடி. "எல்லாருக்கும் ஒரு மச்சான் இருக்கான். நான் ரத்து பண்ற எண் ஒரு வாரத்துல வேற பேர்ல அதே தெருவுல நிக்குது. எனக்கும் அலுத்துப்போச்சு தணிகாசலம். ராத்திரி வீட்டுக்குப் போனா சாப்பிடக்கூடப் பிடிக்கறதில்ல."

அந்தம்மா இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. தணிகாசலத்துக்குச் சங்கடமாகப் போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"அருளப்பன் நேத்து வந்திருந்தார். அந்த வீட்டை விக்கப் போறாராம். ஞாயித்துக்கிழமை யாரோ பாக்க வராங்களாம். நீங்க போய் எதிர்ல நில்லுங்க."

"நின்னு?"

"நில்லுங்க."

"பதிவு இல்லாம நான் வியாபாரம் நடக்கிற இடத்துல வாயைத் திறக்கக் கூடாதே மேடம். அது தப்பாச்சே."

"நான் பேசச் சொல்லலையே."

"இது எந்த விதியில இருக்கு?"

"எதுலயும் இல்ல. விதியில இருக்கறதையெல்லாம் செஞ்சு பாத்தாச்சு."

*

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தெருவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

எதிர் வீட்டு வேப்பமரத்தடியில் தணிகாசலம் நின்றார். அருளப்பன் வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். சுவரில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தணிகாசலத்துக்குத் தெரியும். மூடுவதற்கு எந்தக் கலர் அடிக்க வேண்டும் என்றும் தெரியும். அருளப்பன் அந்தக் கலரைத்தான் அடித்திருந்தார். பாவம், யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். கூட அவள் அம்மா. அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஏதோ கோளாறு போல. இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"அம்மாவால படி ஏற முடியாது சார். அதான் கீழ் வீடா தேடறோம்" என்றாள் அந்தப் பெண்.

அருளப்பன் உள்ளே கூட்டிப் போய் அறைகளைக் காட்டினார். சமையலறையைக் காட்டினார். பின்பக்கம் கிணற்றடியையும் காட்டினார். திரும்பி வாசலுக்கு வந்தபோது அவள் கேட்டாள்.

"தண்ணி வருமா சார்?"

அருளப்பன் வாசற்படியைப் பார்த்தார். அவர் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"நல்லா வரும்" என்றார்.

அதே வார்த்தை. அந்த 'நல்லா'வில் அதே இழுப்பு. தணிகாசலம் எத்தனையோ தடவை தானே சொன்னதுதான். காதால் கேட்டது இதுதான் முதல் தடவை.

"அம்மா, தண்ணிக் கஷ்டம் இல்லையாம்" என்று அந்தப் பெண் அம்மாவிடம் சொன்னாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தணிகாசலம் தெருவைக் கடந்தார்.

"அம்மா, மழைக்குத் தண்ணி வீட்டுக்குள்ள வரும். முழங்கால் வரைக்கும். சட்டுனு வரும், எந்திரிச்சு ஓட நேரம் இருக்காது."

"நீங்க யாரு?"

தரகர் என்று சொல்ல முடியாது.

"யாருமில்ல. தெரிஞ்சவன்."

ஆட்டோ அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தது. இரண்டு பேரும் ஏறிப் போய்விட்டார்கள்.

அருளப்பன் கத்தவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

"அவங்க யாருன்னுகூட உங்களுக்குத் தெரியாது. அவங்ககிட்ட சொல்லத் தோணிச்சு. என்கிட்ட ஏன் சொல்லல?"

நீங்க கேக்கலையே என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. பேசாமல் நடந்துவிட்டார்.

*

புதன்கிழமை ஜெயக்கொடியின் மேசையில் தணிகாசலம் பேரில் புதிதாக ஒரு தாள் இருந்தது.

"உங்க மேல இன்னொரு புகார். பதிவு நிறுத்தப்பட்ட தரகர் விற்பனையில தலையிட்டுக் கெடுத்தார்னு. அருளப்பன் கொடுத்திருக்கார்."

"உண்மையைச் சொன்னதுக்குமா புகார்?"

"ஆமா."

"உள்ளதைத்தானே மேடம் சொன்னேன். அந்த வயசான அம்மாவால எந்திரிச்சு நிக்கவே முடியல. அது தூங்கறப்போ தண்ணி வந்தா என்ன ஆகும்?"

"சரிதான். அருளப்பன் என்ன ஆவார்?"

தணிகாசலம் புதுத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"அந்த வீடு அவருக்கு விக்காது" என்றார் ஜெயக்கொடி. "தெரு முழுக்கச் சொல்லி முடிச்சிருப்பாங்க. அடுத்த மழைக்கும் அவர் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு மாதா கோயிலுக்குத்தான் போகணும்."

"அப்ப நான் சொல்லியிருக்கக் கூடாதா?"

ஜெயக்கொடி பேனாவை மூடி வைத்தார்.

"சொன்னா அவருக்கு அடி. சொல்லலைன்னா அந்தப் பொண்ணுக்கு அடி. எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருத்தர் மேல மிதிக்கிறேன். இது என்ன மேடம் கணக்கு?"

"புகாருக்குப் பதில் சொல்லுங்க."

பியூன் டீ கொண்டு வந்து வைத்தார். இரண்டு பேரும் குடிக்கவில்லை. வெளியே தாழ்வாரத்தில் வேறு தரகர்கள் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எவனோ போனில், கவலையே படாதீங்க சார், ரோடு வந்துடும் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

தணிகாசலம் இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டார் மேடம். பதில் சொல்லாம வந்துட்டேன்."

"ம்."

"எனக்குத் தெரியும். அவருக்கு அந்த வீட்டைக் காட்டறதுக்கு முந்தின மழையிலயே நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்த வாசல்ல நின்னிருக்கேன். உள்ள பாத்திரமெல்லாம் மிதந்துட்டிருந்தது. அவர் வந்து, தண்ணி வருமான்னு கேட்டப்போ எனக்கு அதுதான் முதல்ல ஞாபகம் வந்தது. குழாய்கூட அப்புறம்தான். தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்."

தணிகாசலம் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"அன்னிக்கே அவர்கிட்ட சொல்லியிருந்தா, அவர் இன்னிக்கு யார்கிட்டயும் அப்படிச் சொல்ல வேண்டியிருக்காது. அந்த மனுசனைக்கூட நான் என்னை மாதிரி ஆக்கிட்டேன் மேடம்."

ஜெயக்கொடி புதுத் தாளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இதுக்குத் தனியா விசாரணை இருக்கு. நீங்க இப்ப சொன்னது முதல் புகாருக்கான பதில்."

கீழ் இழுப்பறையைத் திறந்தார். அட்டைகள் நிறையக் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினார். தணிகாசலத்தின் படம் போட்ட பதிவு அட்டை அடியில் இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்து மேசை மேல் வைத்தார்.

நாற்காலி காலியாக இருந்தது. தணிகாசலம் அறை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தணிகாசலம், இதை வாங்கிட்டுப் போங்க."

"அப்புறம் வந்து வாங்கிக்கறேன் மேடம். அருளப்பன் டூட்டிக்குக் கிளம்பறதுக்குள்ள நான் அங்க போகணும்."