கடைசித் தெருக் குழாய்

“தண்ணியை டெஸ்ட் பண்ற மேடமே கடைப் பாட்டிலோடதான் வருது. நாமதான் இளிச்சவாய்ங்க, குடத்தைத் தூக்கிட்டு நிக்கிறோம்.”

ஊரின் கடைசித் தெருவான கோட்டைமேட்டுத் தெருவின் குழாயடியில் யாரோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். நகராட்சிக் குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கும் வேதநாயகிக்கு முதுகு சுட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை ஆசிரமத்துக்குப் போனாள். குரு பூங்கோதை அவளைவிடப் பத்து வயது இளையவர்.

“அம்மா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். லெட்டர்கூட எழுதியாச்சு.”

“ஏன்?”

குழாயடியில் கேட்டதைச் சொன்னாள்.

“அவங்க சொன்னது பொய்யா?”

“இல்லம்மா. அதான் வலிக்குது. இருபது வருஷமா ‘குடிக்கலாம்’னு கையெழுத்துப் போடுறேன். ஒரு வாய் குடிச்சதில்லை.”

பூங்கோதை கையை நீட்டினார். “தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி கொடுங்க.”

வேதநாயகி பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“இது நல்லதுன்னு யார் பார்த்தாங்க?”

“தெரியாதும்மா.”

“முற்றத்துக் குழாய்ல வர்றதை?”

“அது எங்க தண்ணி. நான்தான் பார்க்கிறேன்.”

“அப்ப அதையே கொடுங்க.”

வேதநாயகி செம்பைக் கழுவித் தண்ணீர் பிடித்தாள். அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை. பையிலிருந்த சிறு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி, குளோரின் அளவு காட்டும் மருந்து இரண்டு சொட்டு விட்டாள். இளமஞ்சள் வந்தது. சரியான மஞ்சள்தான். இருந்தும் வெளிச்சத்தில் தூக்கி இன்னொரு முறை பார்த்தாள். பிறகே செம்பைக் கொண்டுபோனாள்.

பூங்கோதை அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். கழுத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க ஏன் குடிக்கிறதில்லை?”

“ஆத்துல இருந்து அது எப்படி வருதுன்னு பார்த்தவம்மா நான். சேறு, பாசி, செத்த மீனு. ஒருநாள் ஒத்தைச் செருப்பு. மழைக் காலத்துல சின்னராசுன்னு ஒருத்தர், இடுப்பளவு சேத்துல நின்னு தொட்டி கழுவுவார். படிகாரம் போட்டு, தெளிய வச்சு, மணல்ல வடிகட்டி... எத்தனை செஞ்சாலும், குடிக்கப் போனா அந்த முதல் தண்ணிதான் கண்ணுல நிக்குது.”

பூங்கோதை காலிச் செம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“அப்படி வந்ததையா எங்களுக்கு இப்படித் தெளிவாக்கிக் கொடுக்கிறீங்க!” என்றார்.

வேதநாயகி செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை கோட்டைமேட்டுத் தெருவுக்குப் போனாள். குப்பியில் சொட்டு விட்டு, மஞ்சளைப் பார்த்து, நோட்டில் எழுதினாள்.

“என்ன மேடம், இன்னிக்குக் கடையில பாட்டில் கிடைக்கலையா?” என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வேதநாயகி பையிலிருந்து காலி எவர்சில்வர் பாட்டில் ஒன்றை எடுத்தாள். பதினோரு குடங்களைத் தாண்டி, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.